புரொஜெக்ட் எக்ஸ் ஸோன்: மருமகன் பாதியில் நிறுத்தப் பார்க்கிறான், விட்டுவிடலாமா?

#1 ஷிப்ட்டுக்காரன் (சுங்கை சிப்புட்)
திங்கள், காலை 8.10

அனைவருக்கும் வணக்கம். அக்கா மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். என்னுடைய பழைய 3டிஎஸ் என்ற நிண்டெண்டோ கையடக்க ஆட்டக் கருவியைத் தீபாவளிக்கு அவனிடம் கொடுத்தேன். அதோடு நான் பத்திரமாக வைத்திருந்த புரொஜெக்ட் எக்ஸ் ஸோன் கேசட்டையும் கொடுத்தேன். பல ஆட்டங்களின் நாயகர்கள் ஒரே களத்தில் இறங்கும் ஆட்டம் அது. பெயரில் உள்ள எக்ஸை 'கிராஸ்' என்று படிக்க வேண்டும். அதைக்கூட நான்தான் அவனுக்குச் சொன்னேன்.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. இப்போது பதினெட்டாம் கட்டத்தில் நிற்கிறான். "மாமா, ஒவ்வொரு கட்டமும் ஒரு மணி நேரம் இழுக்குது. எதிரி சாகவே மாட்டேங்குறான். அதோட இவங்கெல்லாம் யாருன்னே எனக்குத் தெரியல" என்கிறான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டத்து ரியூவையும் சுன்-லீயையும் மட்டும் கைப்பேசியில் காணொளி பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறான். மற்ற எல்லாரும் அவனுக்கு அந்நியர்கள்.

நான் செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட். அவன் பள்ளி விட்டு வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், அவன் படுக்கப் போகும்போது நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருவரும் சேர்ந்து உட்கார முடிகிறது. அதனால்தான் இந்த ஆட்டத்தை அவன் விடக்கூடாது என்று எனக்கு ஆசை. ஆனால் பிடிக்காததை ஒரு பிள்ளையின் மேல் திணிப்பதும் சரியில்லை. நாங்கள் ஏதாவது தப்பாக ஆடுகிறோமா, இல்லை ஆட்டமே அப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கிள்ளான்பையன்
திங்கள், மதியம் 1.25

அண்ணே, விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் கோபம் எதுவும் இல்லை, முழுவதும் முடித்தவன்தான். முன்கதைகளையும் சேர்த்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். அதில் பாதிக் கட்டங்களில் நடப்பது ஒன்றுதான். ஒரு இடத்துக்குப் போவார்கள், வானத்தில் பிளவு திறக்கும், ஒரு வில்லன் வந்து மிரட்டுவான், அடிபடுவான், "இன்றைக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுவான். பத்துக் கட்டம் தள்ளி அதே வில்லன் திரும்ப வருவான். அடிவாங்கும் எதிரிகளும் அதே ஆட்கள், ரத்த அளவு மட்டும் கூடிக்கொண்டே போகும்.

ஆடித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். ஜப்பானில் 2015 நவம்பரில் வந்தது, ஆங்கிலத்தில் 2016 பிப்ரவரியில். முதல் பாகத்தில் வேகத்தைப் பார்த்து நம் ஆளும் எதிரியும் மாறி மாறி வருவார்கள், திட்டம் போட்டு முடிப்பதற்குள் நடுவில் ஒருவன் புகுந்துவிடுவான். இரண்டாம் பாகத்தில் நம் சுற்று முழுவதும் நமக்கு, அப்புறம்தான் எதிரியின் சுற்று. தலைவலி பாதி குறையும்.

#3 கொய்யாத்தோட்டம் (பீடோர்)
திங்கள், இரவு 9.40

அவசரப்படாதீர்கள் அண்ணே. முதலில் ஒரு கேள்வி. தம்பி சண்டைத் திரையில் ஏ பட்டனை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறானா? இருக்கிறான் என்றால் ஒரு கட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஆவதில் ஆச்சரியம் இல்லை.

கட்டம் போட்ட தரையில் ஆட்களை நகர்த்துவது வரை இது வியூக ஆட்டம். அடிக்கத் தொடங்கியதும் பக்கவாட்டுத் திரை வரும். அந்த நிமிடத்திலிருந்து இது நேரம் பார்த்து ஆடும் ஆட்டம். வெறும் ஏ ஒரு அடி, திசையோடு சேர்த்து அழுத்தினால் வேறு வேறு அடி. சில அடி எதிரியை மேலே தூக்கும், சில அடி தூரமாகத் தள்ளும், சில அடி காற்றிலேயே வைத்து நையப்புடைக்கும். நம் ஆட்கள் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ந்துதான் அடிப்பார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இது மாறும், அதனால் ஒரு ஜோடிக்குப் பழகிய கை இன்னொரு ஜோடிக்கு உதவாது.

எதிரி தூக்கி எறியப்பட்டுக் கீழே விழுகிறான் அல்லவா? அவன் தரையைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் அடுத்த அடி விழ வேண்டும். சரியாக விழுந்தால் கிரிட்டிக்கல், வலி கூடும். முன்னாலேயே அடித்தால் சாதாரண அடி. தரையைத் தொட்ட பிறகு அடித்தால் தொடர் அறுந்துபோகும்.

அடுத்தது இதைவிட முக்கியம். ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு தனி ஆளைச் சேர்த்து வைக்கலாம். அது போக, தரையில் பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு ஜோடி நின்றால் அவர்களையும் துணைக்குக் கூப்பிடலாம். இரண்டுக்கும் மேல் விளிம்பில் உள்ள தோள் பட்டன்கள். நம் ஆள் அடிக்கும் அதே கணத்தில் துணைக்கு வந்தவரின் அடியும் விழுந்தால் கிராஸ் ஹிட். எதிரி காற்றில் அப்படியே நின்றுவிடுவான், கீழே விழமாட்டான். அந்த நேரத்தில் எக்ஸ்பி அளவு சரசரவென்று ஏறும். அந்த எக்ஸ்பி மற்ற ஆர்பிஜிகளில், அதாவது பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில், வருகிற அனுபவப் புள்ளி கிடையாது, கிராஸுக்கான அளவு. மொத்தக் குழுவுக்கும் பொதுவான உண்டியல் மாதிரி. பெரிய அடி அடிக்க அதில் நூறு வேண்டும். எதிரி அடிக்கும்போது தடுப்பதற்கும் திருப்பி அடிப்பதற்கும் அதிலிருந்துதான் எடுக்கிறோம்.

தம்பி துணையைக் கூப்பிடாமல் ஆடினால் உண்டியல் நிரம்பாது. உண்டியல் காலி என்றால் தடுக்க முடியாது, பெரிய அடியும் கிடையாது. அப்புறம் எதிரி எப்படிச் சாவான்? ஆட்களைச் சிதறவிடாமல் இரண்டு இரண்டு ஜோடியாக ஒட்டி நகர்த்தச் சொல்லுங்கள். ஒரு வாரம் இப்படி ஆடட்டும், அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

#4 ஷிப்ட்டுக்காரன்
செவ்வாய், காலை 8.30

கொய்யாத்தோட்டம் அண்ணே, பார்த்த மாதிரியே சொல்லிவிட்டீர்கள். தட்டிக்கொண்டேதான் இருக்கிறான். தோள் பட்டனைத் தொடுவதே இல்லை. "அது எதுக்குன்னு தெரியல மாமா" என்கிறான். விளக்கம் வரும் இடத்தை ஆரம்பத்திலேயே தட்டிக் கடந்துவிட்டான் போல.

ஆட்டத்தின் பக்கம் புரிந்தது. ஆட்கள் பக்கம்தான் இன்னும் குழப்பம். நீல முடிக்காரி காஸ்-மாஸ் யார், சிவப்பு முடிச்சோடு வரும் சகுரா யார், அந்தப் போர்வீரன் கர்ட் யார் என்று கேட்டால் எனக்கே பாதிப் பேரைத் தெரியவில்லை.

#5 நாலாம்_லயம்
செவ்வாய், இரவு 11.05

தம்பி, நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தோட்டத்தில் அப்போது பால் மரம்தான், செம்பனை பாதிதான் வந்திருந்தது. நாலாவது லயத்தில் எங்கள் வீடு. மொத்தத் தோட்டத்திலும் ஒரே ஒரு வீட்டில்தான் பிளேஸ்டேஷன் இருந்தது, கிராணி வீட்டில். அந்த வீட்டுப் பையன் டெக்கன் 3 என்ற சண்டை ஆட்டம் மட்டுமே வைத்திருந்தான். சனிக்கிழமை மதியம் ஜன்னல் வழியாகப் பத்துப் பேர் பார்ப்போம், இரண்டு பேர் ஆடுவார்கள். அதில் நான் சியாவ்யூ என்ற பாத்திரத்தை எடுத்தால் யாரும் என்னை ஜெயிக்க முடியாது. அந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு பேர் இருந்ததென்றால் அதனால்தான்.

எங்கள் அண்ணன் டவுனில் மணிக்கணக்குக் கடைக்குப் போவார், அவருக்குத் தெரிந்தது ரெசிடெண்ட் ஈவில் என்ற திகில் ஆட்டம். ஜில், கிறிஸ் என்று பெயர் சொல்லி இரவில் எங்களுக்குக் கதை சொல்வார். மின்சாரம் போன இரவில் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பின்பக்கக் குழாயடிக்குப் போக நாங்கள் நடுங்குவோம். பக்கத்து வீட்டு மாமாவின் மகன் பாசார் மாலாமில் ஐந்து வெள்ளி தட்டு வாங்கி மெகாமேன் எக்ஸ் ஆடினான். எங்கள் தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்த ஒருத்திக்கு ஈப்போவில் சித்தி வீடு, அங்கே அவள் பார்த்தது வெர்ச்சுவா ஃபைட்டர். ஆளுக்கு ஒன்று தெரியும். எல்லாம் தெரிந்தவர் யாருமே இல்லை.

அப்புறம் லயத்தை உடைத்தார்கள். எல்லாரும் தாமானுக்குப் போனோம், சிலர் ஷா ஆலம், சிலர் ஜொகூர், சிலர் சிங்கப்பூர். நான் பினாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். 2013-இல் இந்த ஆட்டம் ஆங்கிலத்தில் வந்தபோது என் முதல் போனஸில் வாங்கினேன். பேச்சு ஜப்பானிய மொழியில்தான், எழுத்து மட்டும் ஆங்கிலம். திரையில் ஜின்னும் சியாவ்யூவும் ஒரு ஜோடியாக நிற்கிறார்கள், பக்கத்துக் கட்டத்தில் கிறிஸ்ஸும் ஜில்லும், அதற்குப் பக்கத்தில் மெகாமேன் எக்ஸும் ஸீரோவும், அந்தப் பக்கம் வெர்ச்சுவா ஃபைட்டரின் அகிராவும் பாயும். ஒவ்வொரு ஜோடியும் அடிக்கும்போது அவரவர் ஆட்டத்துப் பாட்டு ஒலிக்கிறது. எனக்குத் தெரிந்தது கிராணி வீட்டு ஜன்னல் ஓரம்தான். எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் பங்கைக் கொண்டுவந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சின்ன வயதில் கூட்டாஞ்சோறு ஆக்குவோம் அல்லவா, ஒரு வீட்டு அரிசி, ஒரு வீட்டுப் பருப்பு, ஒரு வீட்டு வெங்காயம்? அதே மாதிரி. அண்ணனைக் கூப்பிட்டு, "ஜில் இங்க இருக்காண்ணே" என்று சொன்னேன். அடுத்த வாரம் பேருந்து ஏறி வந்துவிட்டார்.

உங்கள் மருமகனுக்கு ஆட்களைத் தெரியவில்லை என்பது அவன் குறை இல்லை. கர்ட்டும் ரியேலாவும் வருவது வால்கிரியா குரோனிக்கில்ஸின் மூன்றாம் பாகத்திலிருந்து. அது 2011-இல் பிஎஸ்பி கையடக்கக் கருவிக்கு ஜப்பானில் மட்டும் வந்தது. சகுரா வருகிற சகுரா வார்ஸிலும் பெரும்பாலான பாகங்கள் ஆங்கிலத்தில் வரவே இல்லை. இதில் வரும் ரெய்ஜியும் சியாவ்முவும் இதற்கு முன்னோடியான நாம்கோ எக்ஸ் கேப்காமில் பிறந்தவர்கள். அது 2005-இல் பிஎஸ்2-க்கு வந்தது, அதுவும் ஜப்பானைத் தாண்டவில்லை. எனக்கும் இவர்கள் அந்நியர்களாகத்தான் வந்தார்கள். இந்த ஆட்டத்தில்தான் பழகினேன்.

#6 கிள்ளான்பையன்
புதன், மதியம் 12.50

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொன்ன கூட்டாஞ்சோற்றில் அரிசி, பருப்பு எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருந்தது. அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் இல்லை. உங்கள் நினைவு உங்களுக்கு, அவன் கையில் இருப்பது வெறும் கேசட். முன்கூட்டியே இருபது ஆட்டம் தெரிந்தவனுக்கு மட்டும் சுவைக்கிற ஆட்டத்தை நல்ல ஆட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிதாக வருகிறவனுக்கு அந்தக் கோகோரோ, மீ என்ற இரண்டு புது ஆட்களாவது ஒழுங்காகக் கதை சொல்லியிருக்க வேண்டும். மீயின் வீட்டிலிருந்து திருடுபோன கல்லைத் தேடுவதுதான் தொடக்கம், நல்ல தொடக்கம். இருபதாம் கட்டம் வரும்போது அந்தக் கல்லையே எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

#7 பால்மரத்தடி
புதன், இரவு 10.15

கிள்ளான்பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கதை தளர்ந்துதான் போகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்' என்பதில் உடன்பட மாட்டேன்.

இந்த வகை ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பான்பிரெஸ்டோ 1991 ஏப்ரலில் கேம்பாயில் சூப்பர் ரோபோட் தைசென் போட்டது. மாஸிங்கர், கெட்டர், கண்டம் மூன்றும் அந்தக் கறுப்புவெள்ளைச் சின்னத் திரையில் ஒன்றாக நின்றன. அதில் ரோபோக்களுக்கு ஓட்டுநர்களே கிடையாது, ரோபோக்களே பேசும், ரோபோக்களே சண்டை போடும். ஆக, பல ஊர் நாயகர்களை ஒரே களத்தில் இறக்கும் ஆர்பிஜி கையடக்கக் கருவியில்தான் வேர்விட்டது. அந்த பான்பிரெஸ்டோவும் மோனோலித் சாஃப்டும் சேர்ந்து செய்ததுதான் இந்த புரொஜெக்ட் எக்ஸ் ஸோன். இயக்கியவர் சோய்ச்சிரோ மோரிஸுமி. நாம்கோ எக்ஸ் கேப்காமும் அவர் செய்ததுதான், 2008-இல் டிஎஸ்ஸுக்கு வந்த எண்ட்லெஸ் ஃபிராண்டியரும் அவருடையதுதான். அந்த எண்ட்லெஸ் ஃபிராண்டியரிலேயே ஸீனோசாகா தொடரின் காஸ்-மாஸும் ரெய்ஜியும் சியாவ்முவும் விருந்தாளிகளாக வந்தார்கள்.

ரோபோட் தைசெனை நான் முதலில் ஆடும்போது எனக்கு அந்த ரோபோக்களில் ஒன்றுகூடத் தெரியாது. நம் வட்டாரத்துக்கு ஆங்கில எழுத்தோடு அது வந்ததே 2016-இல்தான், தி மூன் டுவெல்லர்ஸ். அடுத்த ஆண்டு வந்த வி என்ற பாகம், பிஎஸ்4-க்கும் வீட்டா கையடக்கக் கருவிக்கும் வந்தது. வீட்டாவில்தான் நான் ஆடினேன். ஆடி முடித்த பிறகு ஒவ்வொரு தொடராகத் தேடிப் பார்த்தேன். எனக்கு அது நுழைவாசலாக அமைந்தது. தெரிந்தவனுக்கு நினைவாக இருப்பது தெரியாதவனுக்கு அறிமுகமாக இருக்கும். திருமண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை முழுவதும் தெரிந்துகொண்டா பந்தியில் உட்காருகிறோம்?

நடைமுறையில் சில விஷயம், ஷிப்ட்டுக்காரன் தம்பிக்கு. 3டிஎஸ் கருவிக்கு வட்டாரப் பூட்டு உண்டு, அமெரிக்கக் கேசட் ஜப்பான் கருவியில் ஓடாது. இரண்டாம் பாகம் வாங்குவதானால் அதைப் பார்த்து வாங்குங்கள். நிண்டெண்டோவின் 3டிஎஸ் கடை 2023 மார்ச் 27-இல் மூடிவிட்டது, புதிதாக இறக்கம் செய்ய வழியில்லை. கருவி உற்பத்தி 2020-லேயே நின்றுவிட்டது. ஆகவே கையில் இருக்கும் கேசட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த ஆட்டமும் கேசட்டிலேயேதான் இருக்கும். பின்மூடியைக் கழற்றி மின்கலம் உப்பியிருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். உப்பியிருந்தால் அதோடு சார்ஜ் போடவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

#8 ஷிப்ட்டுக்காரன்
ஞாயிறு, இரவு 9.20

மின்கலத்தைப் பார்த்துவிட்டேன் அண்ணே, தட்டையாகத்தான் இருக்கிறது. நன்றி.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் பசியாறிவிட்டு மருமகன் வந்தான். கருவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கொய்யாத்தோட்டம் அண்ணன் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். அவன் முயன்று பார்த்தான். அடிக்கிற கட்டைவிரலைக் கவனித்தால் தோள் பட்டனை மறக்கிறான், தோள் பட்டனை நினைத்தால் அடி தவறுகிறது. நாலைந்து முறை அப்படியே போனது. முகம் சுண்டிவிட்டது.

"சரி, நீ அடி. கூப்பிடறது என் வேலை" என்று சொல்லி நாற்காலியை ஒட்டிப் போட்டு, என் ஒரு விரலை மேல் விளிம்பில் உள்ள தோள் பட்டனில் வைத்தேன். சுன்-லீயும் மாரிகனும் அவன் கையில். பக்கத்துக் கட்டத்தில் ரியூவும் கென்னும் நிற்கிறார்கள். அவன் எதிரியைத் தூக்கினான். நான் முன்னாலேயே அழுத்திவிட்டேன், ரியூ வந்து காற்றை அடித்துவிட்டுப் போனார். அடுத்த முறை தாமதம். ஆலையில் குலை ஏற்றும் தொட்டிக்கு நாங்கள் வாய்விட்டு எண்ணித்தான் கம்பி இழுப்போம். அதே மாதிரி எண்ணச் சொன்னேன். "ஒண்ணு, ரெண்டு, இப்போ." மூன்றாவது முறை சுன்-லீயின் உதையும் ரியூவின் குத்தும் ஒரே கணத்தில் விழுந்தன. எதிரி நடு வானத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டான். அளவு நாற்பதிலிருந்து நூறைத் தாண்டியது. மருமகன் கத்திய கத்தலில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

பதினெட்டாம் கட்டம் அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு மேலும் இரண்டு கட்டம் ஆடினோம். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. நாலாம் லயத்து அக்கா, நீங்கள் எழுதியதையும் அவனிடம் படித்துக் காட்டினேன். "அந்த அக்கா இன்னும் சியாவ்யூதான் ஆடுவாங்களா?" என்று கேட்டான்.

#9 நாலாம்_லயம்
ஞாயிறு, இரவு 10.02

இன்னும் ஆடுவேன் என்று சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ வருகிறேன், குனோங் செரோ கோயில் முடிந்ததும் அங்கே வருகிறேன். தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

#10 கிள்ளான்பையன்
திங்கள், மதியம் 1.15

அண்ணே, கதையைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே கருவியில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் முழு ஆட்டத்தையும் தனியாக, என் அறையில், ராத்திரி ராத்திரியாக முடித்தவன். இரண்டாம் பாகம் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது, அமெரிக்க வட்டாரம். கருவி அதுதான் என்றால் அஞ்சலில் அனுப்புகிறேன். அதில் ஃபயர் எம்பிளமிலிருந்து க்ரோமும் லூசினாவும் வருகிறார்கள், அப்பாவும் மகளும் ஒரே ஜோடி. தம்பிக்குப் பிடிக்கும்.

#11 ஷிப்ட்டுக்காரன்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.30

கேசட் வந்து சேர்ந்தது தம்பி, மிக்க நன்றி. கருவியும் அமெரிக்க வட்டாரம்தான். ஆனால் முதல் பாகத்தை முடிக்காமல் அதைத் திறக்கக்கூடாது என்று மருமகன் சொல்லிவிட்டான். முப்பத்தொன்றில் இருக்கிறோம்.

தனி ஆட்களை யாரோடு சேர்ப்பது என்பதை இப்போது அவனே முடிவு செய்கிறான். ஹெய்ஹாச்சியை ஜின்னோடு சேர்த்திருக்கிறான். இருவருக்கும் ஆகாது என்று நான் சொன்னேன். "ஏன் மாமா?" என்றான். தாத்தாவும் பேரனும் என்றேன், டெக்கன் 3-இல் அந்தத் தாத்தா பேரனைச் சுட்டுவிடுவார் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இங்கயாவது சேர்ந்து அடிக்கட்டும்" என்று அப்படியே வைத்துவிட்டான்.

கொய்யாத்தோட்டம் அண்ணே, ஒரு கேள்வி. ஜின்னின் அடி எதிரியைத் தூரமாகத் தள்ளிவிடுகிறது, ஹெய்ஹாச்சி வந்து சேர்வதற்குள் அவன் தரையைத் தொட்டுவிடுகிறான். நான் தோள் பட்டனை அடிக்கு முன்னாலேயே அழுத்த வேண்டுமா? அடுத்த ஞாயிற்றுக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#12 கொய்யாத்தோட்டம்
ஞாயிறு, இரவு 8.45

ஆமாம், முன்னாலேயே அழுத்துங்கள். ஆனால் அதற்கு முன்னால் தம்பி ஜின்னின் தூக்கும் அடியைத்தான் முதலில் போட வேண்டும், தள்ளும் அடியைக் கடைசிக்கு வைக்கச் சொல்லுங்கள். எதிரி மேலே போகும்போதே "ரெண்டு" என்று எண்ணி அழுத்திவிடுங்கள், "இப்போ" வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.